டைம்டேபிளுக்கு மாத்திரை கிடையாது, டீச்சர்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 37. சேலம் அம்மாபேட்டையில் வீடு. ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் 11 வருடமாக பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறேன். காலை 7 மணி ஸ்பெஷல் கிளாஸில் ஆரம்பித்தால் நைட் ஸ்டடி முடிந்து வேனில் வீடு வந்து சேர 9 ஆகிவிடும். போன நவம்பரில் போர்டில் நெர்ன்ஸ்ட் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தபோது பாதியில் நின்றுவிட்டேன். அடுத்து என்ன எழுத வேண்டும் என்றே தெரியவில்லை. முன் பெஞ்சுப் பையன் எடுத்துக் கொடுத்தான், அப்போதும் கை நகரவில்லை. சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே வந்தவள், இன்னும் அந்த வகுப்புக்குள் போகவில்லை. மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார்கள். "பழகிடும்" என்று மாமியார் பயந்ததால் இரண்டு முறை நானே நிறுத்தினேன். பொங்கலுக்கு ஏற்காடு கூட்டிப் போனார்கள், ஏரிக்கரையில் பிள்ளைகள் பஜ்ஜி சாப்பிட, நான் உட்கார்ந்து அழுதேன். இப்போது மூன்று மாதமாக மாத்திரையை விடவில்லை. தூக்கம், பசி பரவாயில்லை. ஜூனில் சேரச் சொல்லி தாளாளர் கூப்பிடுகிறார். பள்ளிக்கூடத்தின் பெயரை போனில் பார்த்தாலே வயிற்றைப் பிசைகிறது. வீட்டுக்காரருக்குக் கொலுசுப் பட்டறை, ஆர்டர் சரியில்லை, கடன் இருக்கிறது. முழுதாகக் குணமான பிறகுதான் போக வேண்டுமா? என்ன காரணம் சொல்வது? தைராய்டு என்று சொல்லிவிடு என்கிறார் இவர். நான் இல்லாமல் போனால் யாருக்கும் நஷ்டமில்லை என்றுகூட ஒரு சமயம் தோன்றியது, இப்போது இல்லை.

பதில்: டீச்சர், கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் எடுக்கிறேன். "இப்போது இல்லை" என்பதை நம்புகிறேன். ஆனால் அந்த எண்ணம் வந்தது உங்கள் டாக்டருக்குத் தெரியுமா, வீட்டுக்காரருக்குத் தெரியுமா? தெரியாது என்றால் இந்த வாரமே இரண்டு பேரிடமும் சொல்லுங்கள். வேலைக்குத் திரும்பும் முதல் சில வாரங்களில் பழைய எண்ணங்கள் எட்டிப் பார்ப்பது உண்டு. அப்போது உடனே பேச ஒரு ஆள் வேண்டும். ராத்திரி 2 மணிக்கு யாரையும் எழுப்பத் தோன்றவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசாங்கத்தின் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. இந்த எண்ணை வீட்டுக்காரர் போனிலும் போட்டு வையுங்கள்.

சரி, ஏற்காட்டுக்கு வருவோம். சேலத்துக்காரர்களுக்கு எந்த மனக்கஷ்டத்துக்கும் ஒரே வைத்தியம்தான், ரெண்டு நாள் மேல போயிட்டு வா. என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறி இறங்கிவிட்டுத்தான் என் படி ஏறுகிறார்கள். மலை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமான தடயமே அந்த ஏரிக்கரைதான்.

பர்ன் அவுட் என்பது வேலையால் வருகிற களைப்பு. 1974-இல் ஃப்ராய்டன்பெர்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைப் பற்றி எழுதிய பிறகுதான் அந்தப் பெயர் பரவியது. உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறையில் இருக்கும் தன் நோய்ப் பட்டியலில் இதைச் சேர்த்தபோது, இது நோய் இல்லை, வேலையிடத்தோடு சேர்ந்த ஒரு நிலை என்று தெளிவாகவே எழுதியது. அது மூன்று விதமாகத் தெரியும்: உடம்பில் தெம்பே இல்லாமல் போவது, வேலை மேலும் அங்கிருக்கும் ஆட்கள் மேலும் ஒரு வெறுப்போ விலகலோ வருவது, நான் செய்வது எதுவும் சரியில்லை என்று தோன்றுவது. இது மட்டும் இருக்கிறவர் ஏற்காடு போனால் முதல் நாள் தூங்குவார், இரண்டாம் நாள் பஜ்ஜி கேட்பார். மூன்றாம் நாள் இறங்க மனசு வராது. நீங்களோ வேலையை விட்டு இரண்டு மாதம் ஆன பிறகும், பிள்ளைகள் பக்கத்தில் இருந்தும், பிடித்த எதுவும் பிடிக்காமல் அழுதிருக்கிறீர்கள். அது மனச்சோர்வு. அது பள்ளிக்கூட கேட்டோடு நிற்காது, வீட்டுக்குள் வரும், அடுப்படிக்கு வரும், மலைக்கும் கூடவே வரும்.

உங்களுக்கு ஒன்று இன்னொன்றை இழுத்து வந்திருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு, இதைப் பிடித்துக்கொண்டால் உங்கள் கேள்விகளில் பாதிக்குப் பதில் கிடைத்துவிடும். மனச்சோர்வுக்கு மாத்திரையும் பேச்சு சிகிச்சையும் இருக்கிறது. காலை 7 மணியிலிருந்து ராத்திரி 9 மணி வரை நீள்கிற டைம்டேபிளுக்கு மாத்திரை கிடையாது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு அதே டைம்டேபிளுக்குள் போவது, ஓட்டை வாளியை மறுபடியும் கிணற்றில் விடுகிற மாதிரிதான்.

மாத்திரை விஷயத்தை முடித்துவிடுகிறேன், மாமியாரும் படிப்பார்கள் என்று நினைத்து எழுதுகிறேன். இந்த மாத்திரைகள் போதைப் பொருள் மாதிரி ஆளை அடிமையாக்காது. வேலை காட்ட 2 முதல் 4 வாரம் ஆகும், முழுப் பலன் தெரிய இன்னும் ஆகும். சட்டென்று நிறுத்தினால் தலை சுற்றும், தலைக்குள் லேசாகக் கரண்ட் அடித்த மாதிரி இருக்கும், எரிச்சல் வரும். அதைப் பார்த்துவிட்டுத்தான் "பார்த்தியா, பழகிடுச்சு" என்கிறார்கள். டாக்டர் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் பெரும்பாலும் இந்தத் தொந்தரவு பெரிதாக வராது. நன்றாக ஆன பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும் என்பது பொதுவான கணக்கு. "நன்றாக ஆன பிறகும்" என்கிற வார்த்தையைக் கவனியுங்கள், ஆரம்பித்த தேதியிலிருந்து இல்லை. அதனால் ஜூனில் நீங்கள் வேலைக்குப் போனால் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டேதான் போவீர்கள். சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் போட்டுக்கொண்டு உங்கள் ஸ்டாஃப் ரூமில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். காலையில் மந்தமாக இருந்தால் மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்று கேளுங்கள், நீங்களாக மாற்ற வேண்டாம். இதுவரை எடுக்கவில்லை என்றால் தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 மூன்றுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். மாதாமாதம் மாத்திரைச் செலவு இடிக்கிறது என்றால் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், அதாவது நம் பெரியாஸ்பத்திரியில், மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே மருந்து இலவசம். கூட்டம் இருக்கும், வெட்கம் வேண்டாம்.

முழுதாகக் குணமான பிறகுதான் போக வேண்டுமா? அப்படிக் காத்திருந்தால் போகவே மாட்டீர்கள். இந்த நோய் இறங்கும்போது ஒரு வரிசை உண்டு. பெரும்பாலும் தூக்கமும் பசியும் முதலில் சீராகும், அப்புறம் தெம்பு. ஆர்வமும் கவனமும் கடைசியில்தான் வரும், மெதுவாக வரும். "நல்லாத்தானே சாப்பிடறே, நல்லாத்தானே தூங்கறே, வேலைக்குப் போக என்ன?" என்று வீட்டில் கேட்பதும், உள்ளே உங்களுக்கு ஒரு பக்கம்கூடப் படிக்க முடியாமல் இருப்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும். நெர்ன்ஸ்ட் சமன்பாடு எங்கேயும் போய்விடவில்லை. 11 வருடம் எழுதிய கை அது. அன்றைக்கு அதை எடுத்துத் தர வேண்டிய கவனம்தான் காலியாக இருந்தது.

ஆகவே "மனசு எப்படி இருக்கிறது" என்று தினமும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். வேறு ஒரு சோதனை சொல்கிறேன். நாளையிலிருந்து பள்ளிக்கூடம் இருக்கிற மாதிரி நடியுங்கள். காலையில் எழுந்து, குளித்து, பள்ளிக்குப் போகிற புடவையைக் கட்டி, 8 மணிக்கு வீட்டை விட்டு இறங்க வேண்டும். டவுன் பஸ் ஏறி எங்கேயாவது போங்கள், நூலகம் போதும், தங்கை வீடு வேண்டாம், அங்கே போனால் படுத்துக்கொள்வீர்கள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அப்புறம் பழைய விடைத்தாள் கட்டு ஏதாவது பரணில் கிடக்கும், அதை எடுங்கள். முதல் நாள் ஐந்து பேப்பர் மட்டும், சிவப்புப் பேனாவால், மார்க் கூட்டிப் போடுகிற வரை. எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஓரத்தில் எழுதி வையுங்கள். முன்பு 30 நிமிடத்தில் முடிக்கிற ஐந்து பேப்பருக்கு இப்போது ஒன்றரை மணி நேரம் ஆகலாம். கூட்டல் தப்பும், மறுபடி கூட்டுவீர்கள், அழுகை வந்தால் வரட்டும். ஆனால் அந்த நேரத்தைக் குறித்து வையுங்கள். ஒரு வாரம் கழித்து அதே ஐந்து பேப்பர் ஒரு மணி நேரத்துக்கு வந்திருந்தால் உங்களுக்கே ஒரு கணக்குக் கிடைக்கும், நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டியதில்லை. இரண்டாவது வாரம் பக்கத்து வீட்டுப் பிள்ளை யாரையாவது உட்கார வைத்து 40 நிமிடம் நின்றுகொண்டு பாடம் எடுங்கள். நின்றுகொண்டு, அதுதான் முக்கியம். இரண்டு வாரத்தில் வாரத்துக்கு ஐந்து நாள் ஒப்பேற்ற முடிந்தால் நீங்கள் அரை நாள் வேலைக்குத் தயார். மூன்று நாள்தான் முடிந்தது என்றால் ஜூலை என்று சொல்லிவிடுங்கள், வானம் இடிந்து விழாது.

அரை நாள் என்றேன். இங்கேதான் தாளாளர் வருகிறார்.

போனில் பேசாதீர்கள். நேரில் போங்கள், வீட்டுக்காரரையோ நம்பிக்கையான ஒரு சீனியர் டீச்சரையோ கூட்டிக்கொண்டு, கையில் ஒரு கடிதத்தோடு. உங்கள் தாளாளரும் ரிசல்ட் பயத்தில் ராத்திரி தூக்கமில்லாமல் இருக்கிறவராகத்தான் இருப்பார், நம் சேலம் நாமக்கல் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் பேனரில் போடுகிற சென்டம் எண்ணிக்கைக்குப் பின்னால் எத்தனை டீச்சர்களின் முதுகு இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதில் கொஞ்சம் என் மேஜைக்கு எதிரில் வந்து உட்காரும். அதனால் "எனக்கு முடியாது" என்று ஆரம்பிக்காமல் "எனக்கு இவ்வளவு முடியும்" என்று ஆரம்பியுங்கள். முதல் மாதம் ஒரு நாளைக்கு மூன்று பீரியட். காலாண்டுத் தேர்வு வரை நைட் ஸ்டடி கிடையாது. இந்த வருடம் கிளாஸ் டீச்சர் பொறுப்பு வேண்டாம். சப்ஸ்டிடியூஷன் பீரியடில் என் பெயர் வேண்டாம். ராத்திரி 8 மணிக்கு மேல் வாட்ஸ்அப் குரூப்பில் வருவதற்குக் காலையில்தான் பதில்.

இதில் எல்லாம் கிடைக்காது. எதை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கூடாது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு போங்கள். என்னைக் கேட்டால் கிளாஸ் டீச்சர் பொறுப்பைக்கூட ஏற்றுக்கொள்ளலாம், 7 மணி வகுப்பையும் நைட் ஸ்டடியையும் ஏற்கக் கூடாது. காரணம் இருக்கிறது. மனச்சோர்வு பலருக்கும் காலையில் கனமாக இருக்கும், பொழுது ஏற ஏற லேசாகும். உங்களுக்கும் அப்படியா என்று ஒரு வாரம் கவனியுங்கள். அப்படியென்றால் முதல் பீரியடே வேண்டாம், 11 மணிக்கு மேல் கேளுங்கள். நைட் ஸ்டடி உங்கள் தூக்கத்தைத் தின்னும், தூக்கம் போனால் மூன்று மாத மாத்திரையும் வீண். (ஏற்காட்டுக் காப்பித்தூள் எனக்கும் பிடிக்கும், ஆனால் உங்களுக்கு மதியம் 2 மணிக்கு மேல் காப்பி வேண்டாம். ஸ்டாஃப் ரூமில் 4 மணிக்கு வரும் டம்ளரைப் பக்கத்து டீச்சர் பக்கம் நகர்த்திவிடுங்கள்.)

அப்புறம், "நாலு வாரம் கழித்துப் பார்க்கலாம்" என்று ஒரு தேதி வாங்கிக்கொண்டு வாருங்கள். தேதி இல்லாத சலுகையை இரண்டாவது வாரமே மறந்துவிடுவார்கள், நல்லவர்கள்கூட மறப்பார்கள்.

வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. ஐயா, உங்கள் பட்டறையில் கையில் தீக்காயம் பட்டு ஆறி வருகிற ஆள் திரும்பி வந்தால் முதல் நாளே பற்ற வைக்கிற வேலையையா கொடுப்பீர்கள்? எடை போடு, கொக்கி மாட்டு, பாலிஷுக்குக் கொண்டு போய்க் கொடு என்றுதானே சொல்வீர்கள். தாளாளரிடம் நாம் கேட்பதும் அவ்வளவுதான்.

தைராய்டுப் பொய் வேண்டாம். எனக்கு இதில் தர்ம நியாயம் எல்லாம் பெரிதில்லை, பொய்யைக் காப்பாற்ற ஆகிற செலவுதான் பிரச்சினை. ஸ்டாஃப் ரூமில் தைராய்டு உள்ளவர்கள் நாலு பேர் இருப்பார்கள், எந்த டாக்டர், எத்தனை பவர், டெஸ்டில் எவ்வளவு வந்தது என்று முதல் நாளே சூழ்ந்துகொள்வார்கள், இருக்கிற கொஞ்ச தெம்பு அதற்கே போய்விடும். அதற்காக எல்லாவற்றையும் கொட்டவும் வேண்டாம். "உடம்பு சரியில்லாம இருந்துச்சு, ட்ரீட்மென்ட்ல இருக்கேன், இப்ப தேவலை, டாக்டர் கொஞ்சம் கொஞ்சமா வேலை பார்க்கச் சொல்லியிருக்கார்." இதில் ஒரு பொய்யும் இல்லை. கண்ணாடி முன்னால் நின்று இதைப் பத்து முறை சொல்லிப் பழகுங்கள், அதுக்கு மேல் யார் கேட்டாலும் திரும்ப அதே வரிதான். மருத்துவச் சான்றிதழிலும் "சிகிச்சையில் இருந்தார், குறைந்த பணி நேரத்துடன் திரும்பலாம்" என்கிற அளவில் எழுதித் தரச் சொல்லுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி உங்கள் நோய் விவரம் ரகசியம், அதை உங்கள் சம்மதம் இல்லாமல் டாக்டர் தாளாளரிடம் சொல்லக் கூடாது. தாளாளரிடம் மட்டும் தனியாக முழு விஷயத்தையும் சொல்லலாமா என்றால், அவர் இதற்கு முன்னால் யாருக்காவது உடம்பு முடியாமல் போனபோது எப்படி நடந்துகொண்டார் என்று யோசித்துவிட்டு முடிவு செய்யுங்கள். அது எனக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். அதே சட்டம் காப்பீட்டு நிறுவனங்களும் மனநோய்க்கு உடல் நோயைப் போலவே காப்பீடு தர வேண்டும் என்கிறது, பாலிசி இருந்தால் எடுத்துப் பாருங்கள். சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ பிடித்தம் இருந்ததா என்றும் பாருங்கள், இருந்தால் நோய்க்கால உதவித் தொகை உண்டு, ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம்.

அவர் ஒன்றுக்குமே ஒத்துக்கொள்ளவில்லை என்றால்? "வந்தா முழுசா வா, இல்லன்னா வேற ஆள் பார்த்துக்கறோம்" என்றால்? ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள் என்பேன். கடன் இருக்கும்போது இப்படிச் சொல்வது எனக்குச் சுலபம், தெரியும். ஆனால் கணக்குப் போடுங்கள்: அங்கே முழு நேரமாகப் போய் இரண்டாவது மாதம் மறுபடி படுத்தால் அந்தச் சம்பளமும் நிற்கும், நோயும் முன்னைவிட ஆழமாகப் போகும். சம்பளம் குறைவாக இருந்தாலும் 9 முதல் 4 வரை ஒன்பதாம், பத்தாம் வகுப்பு அறிவியல் எடுக்கிற பள்ளியோ, வீட்டில் சாயங்காலம் ஆறு பிள்ளைகளுக்கு டியூஷனோ இந்த ஒரு வருடத்துக்குப் போதும். பிளஸ் டூ எங்கேயும் ஓடிவிடாது.

எனக்கும் ஒரு முறை இப்படி ஆனது. 2021-இல் கொரோனா இரண்டாவது அலை ஓய்ந்த பிறகு, எதிரில் ஒருவர் அழுதுகொண்டிருக்க நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மேல் எரிச்சல்கூட வந்தது. அப்போது வேலை பார்த்த இடத்தில் நோயாளி எண்ணிக்கையைக் குறையுங்கள் என்று கேட்டேன், எல்லாருக்கும்தான் கஷ்டம் என்றார்கள். இன்னும் நாலு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன், மனநல மருத்துவனாக இருந்துகொண்டு. அந்த நாலு மாதம் தண்டம். உங்களை அதட்டுகிற தொனி இந்தப் பதிலில் எங்காவது தெரிந்தால் அது எனக்கு நானே போட்டுக்கொள்வது.

சேரும் நாள் பற்றிச் சின்ன யோசனை. திங்கட்கிழமை சேராதீர்கள். வியாழக்கிழமை சேருங்கள், இரண்டு நாள் போனதும் சனி, ஞாயிறு வந்துவிடும். (சனிக்கிழமையும் பள்ளி உண்டா? அப்படியென்றால் வெள்ளி.) முதல் நாள் "என்ன டீச்சர் இப்படி இளைச்சுட்டீங்க" என்று பத்துப் பேர் கேட்பார்கள், அந்த ஒற்றை வரி இருக்கிறது. சமன்பாடு மறந்துவிடுமோ என்ற பயத்துக்கு, கையில் ஒரு துண்டுச் சீட்டில் அன்றைய பாடத்தை எழுதிக்கொண்டு போங்கள், பார்த்து எழுதுங்கள். பிள்ளைகள் ஒன்றும் நினைக்க மாட்டார்கள், அவர்களும் அதைத்தான் செய்ய ஆசைப்படுகிறார்கள். எடுத்துக் கொடுத்த முன் பெஞ்சுப் பையன் இந்நேரம் பாஸ் பண்ணிப் போயிருப்பான், புது வகுப்புக்கு உங்களைத் தெரியாது.

வீட்டு வேலையைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை, அதனாலேயே கேட்கிறேன். 9 மணிக்கு வந்த பிறகு பாத்திரம் யார் தேய்த்தது? காலை 5 மணிக்கு யார் எழுந்தது? பள்ளியில் மூன்று பீரியடாகக் குறைத்துவிட்டு வீட்டில் முழு நேரமும் நின்றால் கணக்குச் சரியாகாது. மாமியார் காய் நறுக்கட்டும், முடிந்தவரை. இவர் ராத்திரி வேலையை எடுத்துக்கொள்ளட்டும், பட்டறையில் ஆர்டர் சரியில்லை என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்.

கடைசியாக ஒன்று, இதுவும் வீட்டுக்காரருக்குத்தான். மறுபடி சரிகிறதென்றால் டீச்சருக்கு அது தெரியும் முன்பே வீட்டில் தெரியும். விடிகாலை 3 மணிக்கு விழித்து உட்காருவது, போன் அடித்தால் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது, டிபன் பாக்ஸ் போன மாதிரியே திரும்பி வருவது. இதில் எதுவும் ஒரு வாரம் தொடர்ந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் தேதி வரை காத்திருக்காமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். கேள்வி கேட்டுத் துருவ வேண்டாம், "சாப்பிட்டியா" என்றால் சாப்பிட்டேன் என்றுதான் சொல்வார். ஜூன் மாதம் முழுக்க ராத்திரி அந்த டிபன் பாக்ஸைக் கழுவுகிற வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.